மூன்றாம் ஓலை அன்று நான் எழுந்து நின்றது

கண்ணு,

நான் எழுந்து நின்றது உண்மைதான். நேற்று ஞாயிறு பூசையில், உன் கல்யாண அறிவிப்பின் மூன்றாவது ஓலையை வாசித்துக்கொண்டிருந்தபோது, கோயிலில் அத்தனை பேரும் உட்கார்ந்திருக்க நான் ஒருத்தி மட்டும் எழுந்து நின்றேன். உன் பெரியம்மா பூசை முடியும்வரைகூடப் பொறுக்காமல் வாசலுக்கு ஓடி, "உங்கம்மா சொன்னாப்லயே எந்திரிச்சு நின்னுட்டாடா" என்று உனக்குப் போன் போட்டுவிட்டாள். அவள் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் பாதியில் வெளியே ஓடியவளுக்குப் பாதிக் கதைதானே தெரியும். நீ உடனே அப்பாவைக் கூப்பிட்டு, "இனிமே அந்த வூட்டுப் பக்கமே வரமாட்டேன்" என்று கத்திவிட்டுப் போனை அணைத்துப் போட்டுவிட்டாய். அணைத்த போனோடு பேச என்னால் ஆகாது. அதனால் பேனாவை எடுத்தேன். நாளைக் காலை முதல் பஸ்ஸில் அப்பா ஓசூர் வந்து இதை உன் கையில் கொடுப்பார். அவரிடம் கத்தாதே. கத்துவதாக இருந்தால் முதலில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுக் கத்து.

பவித்ராவிடம் கேட்டுப் பார்த்திருப்பாய். "உங்கம்மா லெட்டர் வரும், முழுசாப் படிங்க" என்று மட்டும் சொல்லியிருப்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது என்று நாங்கள் இரண்டு பேரும் பேசி வைத்திருக்கிறோம். எங்கள் இரண்டு பேருக்கும் எப்போதிருந்து பேச்சு என்று இப்போது உனக்குத் தலை சுற்றும். சுற்றட்டும், வரிசையாகச் சொல்கிறேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கடைசித் தாளை முதலில் திருப்பிப் பார்க்காதே. நீ பார்ப்பாய் என்று தெரியும். கணக்குப் புத்தகத்தில் விடையைப் பார்த்துவிட்டுத்தான் கேள்வியையே படிக்கிறவன் நீ. அந்தப் புத்தி உனக்கு என்னிடமிருந்து வந்தது. எனக்கு எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

எனக்கு இருபத்து நான்கு வயதில் சித்தேரி மலையில் கிராம நர்ஸ் வேலை கிடைத்தது. அங்கே பொழுதுபோக்கு என்று இருந்தது இரண்டு: மழை, மாதநாவல். மழை சொல்லாமல் வரும். நாவல் மாதம் பிறந்து முதல் வாரத்தில் அரூரிலிருந்து வரும் பஸ்ஸில், கண்டக்டர் பையில் வரும். இரண்டு டீச்சர்கள், அங்கன்வாடி அக்கா, ரேஷன் கடைக்காரர் மனைவி, நான் என்று ஐந்து பேர் சேர்ந்து ஒரு புத்தகம். கடைசியாக வேலைக்கு வந்தவள் என்பதால் எனக்கு ஐந்தாவது முறை. நாலு வீடு சுற்றி என்னிடம் வரும்போது அட்டை இருக்காது, கடைசித் தாளும் இருக்காது. ஒரு தடவை அங்கன்வாடி அக்காவின் குழந்தை அந்தத் தாளைத் தின்றேவிட்டது. கதாநாயகி அவனை மன்னித்தாளா இல்லையா என்று தெரியாமல் நான் ஒரு மாதம் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மலையெல்லாம் ஏறி இறங்கித் தடுப்பூசி போட்டுக்கொண்டு, ஒவ்வொரு ஊசிக்கும் "மன்னிச்சிருப்பா, மன்னிச்சிருக்க மாட்டா" என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அந்தக் குழந்தைக்கு அடுத்த மாதம் நான்தான் ஊசி போட்டேன். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அழுத்திப் போட்டேனோ என்று இன்றைக்கும் ஒரு சந்தேகம் உண்டு.

அதற்கப்புறம் கண்டக்டரிடம் ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். பஸ் வந்து திரும்பி நிற்கப் பத்து நிமிடமாகும். அந்தப் பத்து நிமிடத்துக்குள் புத்தகத்தை வாங்கி, கடைசிப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு, முதல் முறைக்காரியான பெரிய டீச்சர் வருவதற்குள் திருப்பிக் கொடுத்துவிடுவேன். கல்யாணத்தில் முடிகிறதா, சரி, இனி என் முறை எப்போது வந்தாலும் கவலையில்லை. "முடிவு தெரிஞ்சுக்கிட்டு என்னத்தைம்மா படிப்பீங்க?" என்று கண்டக்டர் கேட்பார். முடிவு தெரிந்தால்தான் எனக்கு நிம்மதியாகப் படிக்க முடியும். நடுவில் அவள் எவ்வளவு அழுதாலும் பயமில்லாமல் கூட அழலாம். இந்தப் பழக்கம் புத்தகத்தோடு நின்றிருந்தால் நன்றாயிருந்திருக்கும். நீ பள்ளிக்கூடம் போன முதல் நாளே இவன் என்ன வேலைக்குப் போவான் என்று யோசித்தவள் நான். உன்னை ஒரு பக்கம்கூட உன்பாட்டுக்குப் படிக்கவிடவில்லை. அதை இப்போதுதான் ஒத்துக்கொள்கிறேன்.

அந்த வயதில் எனக்குப் பிடித்த கதாநாயகன் எப்படி இருப்பான் தெரியுமா? எஸ்டேட் இருக்கும், ஜீப் இருக்கும், மூக்குக்கு மேல் கோபம் இருக்கும். அவளைக் கண்டால் எரிந்து விழுவான், அவளுக்குக் காய்ச்சல் வந்தால் இரவெல்லாம் கண்விழிப்பான். இப்படி ஒருவனுக்காக மனதுக்குள் இடம்போட்டு வைத்திருந்தபோதுதான் உன் அப்பாவைப் பார்த்து முடித்தார்கள். பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் ஒன்றரை ஏக்கர் தக்காளி, ஒரு சைக்கிள், கோபம் அறவே கிடையாது. கல்யாணமான ஆறு மாதமும் அவர் எப்போது எரிந்து விழுவார் என்று காத்திருந்தேன். ஒருநாள் வேண்டுமென்றே குழம்பில் உப்பை அள்ளிப் போட்டேன். "வெயில் காலத்துல உப்பு ஒடம்புக்கு நல்லதுங்கறாங்க" என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டார். இந்த மனிதரை வைத்துக்கொண்டு எந்த எழுத்தாளராலும் நாலு பக்கம் தாண்ட முடியாது என்று அன்றைக்கு முடிவு கட்டினேன்.

அதே மனிதர் ஒரு மழைக்காலத்தில், வெந்நீர் அடுப்புப் பற்றவில்லையென்று கையில் கிடைத்த தாளைக் கிழித்துச் செருகினார். அது என் அந்த மாத நாவல். கடைசிப் பக்கம் படித்தாகிவிட்டது, நடுவில் நாற்பது பக்கம் பாக்கி. நான் சண்டை போடவில்லை. வாயைத் திறக்காமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன், அது சண்டையைவிட மோசம். அவர் குடையை எடுத்துக்கொண்டு தருமபுரி பஸ் ஏறிவிட்டார். பஸ் ஸ்டாண்ட் புத்தகக் கடையில் பெயர் தெரியாமல் நின்றிருக்கிறார். "என்ன கதைங்க?" என்று கடைக்காரர் கேட்டாராம். "பொண்ணு கோவிச்சுக்குதுங்க, பையன் பின்னாலயே போறான்" என்றாராம் இவர். கடைக்காரர் கடையிலிருந்த எல்லாப் புத்தகத்தையும் காட்டினாராம். நனைந்துகொண்டு வந்து ஒன்றை நீட்டினார். வேறு ஏதோ மாதத்து நாவல், நான் ஏற்கெனவே படித்தது. "பஸ்ஸுல கடைசிப் பக்கம் பாத்தேன். கல்யாணம் பண்ணிக்கிறாங்க. அதுதானே இது?" என்றார். அதுதான் என்றேன். இன்றுவரை அவருக்கு உண்மை தெரியாது. இந்தக் கடிதத்தை அவர் பிரிக்க மாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன், நீயும் சொல்லாதே.

நீ பிறந்த பிறகு என் ருசி மாறத் தொடங்கியது. எஸ்டேட்காரன் ஜீப்பில் சுற்றும்போதெல்லாம், இவன் வேலைக்கே போவதில்லையே, எஸ்டேட்டை யார் பார்க்கிறார்கள் என்று தோன்றும். அவள் மழையில் நனைந்து பாட்டுப் பாடினால், நனைந்த துணியை யார் துவைப்பது என்று தோன்றும். நாற்பது வயதில் எனக்கு வேண்டியிருந்த கதாநாயகன், சாப்பிட்ட தட்டைக் கழுவி வைக்கிறவன். அப்படி ஒரு நாவல் அன்றைக்கு வரவேயில்லை. உன் அப்பா கழுவுவார்தான், ஆனால் அதைப் புத்தகத்திலும் படித்துப் பார்க்க ஆசையாக இருந்தது. அப்புறம் சில வருடம் படிப்பையே விட்டுவிட்டேன். போன வருடம் முட்டி வீங்கி நான் படுத்துக் கிடந்தபோது, "சும்மா மோட்டுவளையப் பாத்துக்கிட்டு இருக்காதம்மா" என்று சொல்லி என் போனில் கதை படிக்கும் அந்த ஆப்பைப் போட்டுக் கொடுத்தவன் நீ. இதற்கு மேல் நடந்ததற்கெல்லாம் பாதிப் பொறுப்பு உன்னுடையது.

அந்த ஆப்பில் ஒரு தொடர்கதை. திங்களும் வியாழனும் காலை ஆறு மணிக்கு ஒரு பாகம் வரும். எழுதுகிற பெண்ணே இன்னும் முடிவை எழுதவில்லை, கடைசிப் பக்கம் என்று ஒன்று கிடையவே கிடையாது. முதலில் எனக்குப் பைத்தியம் பிடித்தது போலிருந்தது. ஐந்தரை மணிக்கே எழுந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். உன் அப்பா, மாட்டுக்காரன் பால் கறக்கும் நேரத்துக்கு எழுகிறாளே என்று பார்ப்பார். கதை என்னவோ பழைய கதைதான்: பணக்கார வீட்டுப் பையன், வேலைக்குப் போகிற பெண், நடுவில் பையனுடைய அம்மா விசாலாட்சி. முப்பது வருடமாக இந்த மாதிரி அம்மாக்களைத் திட்டிக்கொண்டே படித்தவள் நான். இந்தத் தடவை என்ன ஆயிற்று என்றால், பத்தாவது பாகத்தில் விசாலாட்சி வாயைத் திறந்தாள், "அவ சொல்றதுல என்ன தப்பு?" என்று என் வாய் சொல்லிவிட்டது. கதாநாயகன் கண்ணும் கதாநாயகி கண்ணும் சந்தித்துக்கொண்டிருக்கும்போது நான் விசாலாட்சிக்கு யாராவது காபி கொடுத்தார்களா என்று தேடிக்கொண்டிருந்தேன். பாகத்துக்கு அடியில் வாசகர்கள் கருத்து எழுதலாம். ஊரெல்லாம் அவளைத் திட்டி எழுத, நான் ஒருத்தி மட்டும் "பெற்றவள் மனசு பெற்றவளுக்குத்தான் தெரியும்" என்று ஒவ்வொரு பாகத்துக்கும் எழுதினேன். ஒருத்தர்கூட லைக் போடவில்லை.

இந்த நிலைமையில்தான் நீ பவித்ராவை அழைத்துக்கொண்டு வந்தாய். பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருக்கும் வீடு, தெலுங்கு பேசுகிறவர்கள், நம் வேதக்காரர்கள் இல்லை, கட்டினால் இவளைத்தான் என்றாய். மண்டிக்காரர் மகளென்று தெரிந்ததும் அப்பா முகம் மலர்ந்தது, அவர் தக்காளி இருபது வருடமாக அந்த மண்டிக்குத்தான் போகிறது. நான் மலரவில்லை. கதையில் வருகிற காதலுக்கெல்லாம் தலையணையை நனைத்தவள், வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டு நின்ற காதலைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். திருப்பியதோடு விட்டேனா? நிமிர்ந்து நின்று, "இந்த வாசப்படிக்குன்னு ஒரு மரியாதை இருக்கு. அதைத் தாண்டி உள்ள வரணும்னா அதுக்கு ஒரு தகுதி வேணும்" என்றேன். உனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. பவித்ரா தலையைக் குனிந்துகொண்டாள், தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நீ நினைத்தாய். நானும் அப்படித்தான் நினைத்தேன், நர்ஸ் வேலை பார்த்த மனசு கேட்காமல் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். நீ அப்பாவிடம் கத்திக்கொண்டிருந்த அந்த நேரத்தில், டம்ளரை வாங்கிக்கொண்டே அவள் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "நாப்பத்தி மூணாவது எபிசோடுங்க அத்தை. அடுத்த வரிய விட்டுட்டீங்க" என்றாள்.

கண்ணு, அந்த வசனம் என்னுடையது இல்லை. விசாலாட்சியுடையது. முந்தின வியாழக்கிழமைதான் வந்தது, என் நாக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது. நம் வீட்டு வாசப்படிக்கு என்ன மரியாதை இருக்கிறது, அதில்தான் உன் அப்பா மண்வெட்டியைத் தேய்ப்பார். திருடினவள் கையும் களவுமாக மாட்டிக்கொண்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது எனக்கு. சிரித்திருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். மருமகளாக வரப்போகிறவள் முன்னால் சிரித்துவிட்டால் அப்புறம் மாமியார் என்று யார் மதிப்பார்கள்? அந்த வீம்பில்தான், நீ பைக்கை எடுக்கும்போது பின்னாலேயே வந்து, "கோயில்ல ஓலை வாசிக்கறப்ப எந்திரிச்சு நின்னு தடை சொல்லுவேன்" என்று கத்தினேன். மூன்று ஞாயிறு பெயரை வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று கேட்பார்களே, அதைத் தனியாகப் போய் ஃபாதரிடம் சொல்வதுதான் முறை. எழுந்து நின்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த ஒரு வசனம் மட்டும் என் சொந்தச் சரக்கு. அதைத்தான் நீ நம்பினாய். ஐந்து மாதம் என்னோடு பேசவில்லை.

அந்தத் திங்கட்கிழமை காலை ஆறே காலுக்குத் தெரியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி: "அத்தை, இன்னிக்கு எபிசோட் படிச்சீங்களா?" என் எண்ணை யார் கொடுத்தது என்று கேட்டால், தக்காளிக் கூடையோடு மண்டிக்குப் போன உன் அப்பா. கோபம் வராதவர்களை நம்பக்கூடாது. பதில் போடக்கூடாது என்று ஏழு மணிவரை தாக்குப்பிடித்தேன். ஆனால் அன்றைக்குப் பாகத்தில் விசாலாட்சிக்கு நெஞ்சுவலி வந்திருந்தது, யாரிடமாவது பேசியாக வேண்டும். "வெறும் கேஸாத்தான் இருக்கும், ஓமத் தண்ணி குடுக்கச் சொல்லு" என்று போட்டேன். அப்படி ஆரம்பித்தது. வாரம் இரண்டு நாள், கதையைப் பற்றி மட்டும். உன் பெயரை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அவள் படிக்கிற விதமே வேறு. முடிவைப் பற்றிக் கவலையே படமாட்டாள். யாராவது முன்கூட்டிச் சொல்லிவிட்டால்தான் அவளுக்குக் கோபம் வரும். கதாநாயகனைவிட அந்த வீட்டுச் சமையல்காரம்மாளைப் பற்றி அதிகம் கேட்பாள். நான் அவள் வயதில் எஸ்டேட் ஜீப்பைத் தவிர எதையும் பார்த்ததில்லை.

ஒரு வியாழக்கிழமை விசாலாட்சியை முதியோர் இல்லத்துக்கு அனுப்பிவிட்டார்கள். கருத்துப் பகுதியில் ஒரே கைதட்டல். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. பவித்ரா போனிலேயே கூப்பிட்டாள், அதுதான் முதல் தடவை. "அந்தம்மா ஏன் அப்பிடி பேசுனாங்கன்னு ரைட்டர் ஒரு எபிசோடாச்சும் எழுதிருக்கலாங்க அத்தை. பையன் போயிட்டா தனக்கு ஆரு இருக்காங்கன்னு பயந்திருப்பாங்க. அதைக் கேக்கவே இல்லைங்களே ஆரும்" என்றாள். சளி பிடித்திருக்கிறது என்று சொல்லி மூக்கைச் சிந்திக்கொண்டேன். வேதம் வேறு, கோயிலில் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்றெல்லாம் நான் பேசியது சாக்கு. உண்மை அவள் சொன்னதுதான். நீ ஓசூர் போன அன்றிலிருந்து எனக்கு அந்தப் பயம் உண்டு. உனக்கென்று ஒரு வீடு வந்துவிட்டால், இந்த வீடு நீ முன்னொரு காலத்தில் படித்து முடித்த புத்தகம் ஆகிவிடும் என்று பயந்தேன். பெற்ற மகனிடம் இதைச் சொல்ல வாய் வரவில்லை, விசாலாட்சியின் வாயைக் கடன் வாங்கினேன். நீ என்னை மன்னிக்க வேண்டும்.

அப்புறம் ஏன் போன் போட்டுச் சம்மதம் என்று சொல்லவில்லை என்று கேட்பாய். அப்பாவும் அதைத்தான் கேட்டார். வேறு வேதத்துப் பெண்ணைக் கட்ட ஆயரிடம் அனுமதி வாங்க நீயும் அப்பாவும் அலைந்ததெல்லாம் எனக்குத் தெரியும். முதல் ஓலை வாசித்தார்கள், நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டாவதும் போயிற்று. மூன்றாவதும் முடியட்டும், பூசை முடிந்ததும் நானே கூப்பிடுகிறேன் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தேன். மூன்று பாகத்துத் தொடர், கடைசிப் பாகம் வந்ததும் சொல்வதுதான் அழகு என்று ஒரு நினைப்பு. இந்த அழகு பார்க்கிற புத்திக்குத்தான் ஆண்டவர் என் முட்டியில் கை வைத்தார்.

பெண்கள் பக்கம் நாங்கள் பாயில்தானே உட்காருவோம். காலை மடக்கி உட்காராதே என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாற்காலியில் உட்கார்ந்தால் ஏதோ திட்டத்தோடு வந்திருக்கிறாள் என்று பேசுவார்களே என்று மடக்கியே உட்கார்ந்தேன். நற்கருணை முடிந்து ஃபாதர் அறிவிப்புகளுக்கு வந்தார். உன் பெயர் வாசிக்கும்போதே வலது முட்டி இறுகியது. பவித்ரா பெயர் வாசிக்கும்போது பூட்டுப் போட்டுக்கொண்டது. "இத்திருமணத்திற்குத் தடை ஏதேனும் இருப்பதாக" என்று அவர் சொல்லி நிறுத்தவும், பளீரென்று ஒரு இழு இழுத்தது பார், பக்கத்திலிருந்த உன் பெரியம்மா தோளைப் பிடித்து ஒரே எம்பலில் எழுந்துவிட்டேன். பெரியம்மா என் கையை உதறிவிட்டுப் போனோடு ஓடியது அப்போதுதான். ஃபாதர் இந்த ஊருக்குப் புதிது, பாவம். "என்னங்கம்மா? எதாச்சும் தடை இருக்குங்களா?" என்றார்.

"ஒண்ணுமில்லீங்க ஃபாதர். முட்டிங்க" என்றேன்.

அவ்வளவோடு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் சுற்றிலும் பார்த்தேன், ஒருத்தரும் நம்பவில்லை. நான் விட்ட சபதம் ஊரெல்லாம் தெரியுமே. முட்டியைச் சாக்காக வைத்து ஏதோ செய்யப்போகிறாள் என்று அத்தனை கண்ணும் என் மேல். ஆண்கள் பக்கத்தில் உன் அப்பா பாதி எழுந்து நின்றுகொண்டிருந்தார். விசாலாட்சி இந்த இடத்தில் என்ன சொல்லியிருப்பாள் என்று தேடினேன், ஒன்றும் கிடைக்கவில்லை. சொந்தமாகத்தான் பேச வேண்டியிருந்தது. "தடை ஒண்ணு இருந்துச்சுங்க ஃபாதர். அது நான்தானுங்க. இப்ப இல்லீங்க. பாலக்கோட்டுப் பொண்ணு, எனக்குப் புடிச்ச பொண்ணு. நீங்க மிச்சத்தைப் படிங்க" என்றேன். ஃபாதருக்கு எந்த வரியில் விட்டோம் என்று மறந்துபோய் மறுபடி முதலிலிருந்து வாசித்தார். ஆக உன் கல்யாணத்துக்கு நாலு ஓலை. பின்னாலிருந்து ஒரு பாட்டியம்மா, "அதான் சொல்லிட்டயே, உக்காரு ஆத்தா" என்றார். உட்காரத்தான் முடியவில்லை. அப்போது உன் அப்பா, பாடகர் குழுவிலிருந்து ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, அத்தனை ஆம்பளைகளையும் தாண்டி, பெண்கள் பக்கம் வந்து எனக்குப் பின்னால் போட்டார். முப்பது வருடத்தில் அவர் அந்தப் பக்கம் கால் வைத்ததே இல்லை. "உப்புக் கொறைச்சுச் சாப்பிடுன்னு டாக்டர் சொன்னாருல்ல" என்று காதில் சொல்லிவிட்டுப் போனார். நான் எத்தனையோ கதாநாயகர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருத்தனும் நாற்காலியோடு வந்ததில்லை.

புத்திமதி சொல்லாமல் அம்மா கடிதம் முடியாது. பவித்ரா படித்துக்கொண்டிருக்கும்போது எட்டிப் பார்த்து முடிவைச் சொல்லாதே. கதையிலும் சொல்லாதே, வாழ்க்கையிலும் இப்படித்தான் ஆகும் என்று நீயாகச் சொல்லி வைக்காதே. அவள் கோபித்துக்கொண்டு முகத்தைத் தூக்கினால் என்ன தப்பென்று ஆராயாமல் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பு, தப்பான புத்தகத்தோடு வந்தாலும் பரவாயில்லை. தட்டைக் கழுவி வை. உன் ருசியும் மாறும், அவள் ருசியும் மாறும், ஒரே நேரத்தில் மாறாது. இன்றைக்கு உங்களுக்குப் பிடித்ததெல்லாம் நாற்பது வயதில் சிரிப்பாக இருக்கும். அப்போது பயப்படாதே. எஸ்டேட் ஜீப் வரும் என்று காத்திருந்தவளுக்கு நாற்காலி வந்தது, அதற்கு முப்பது வருடம் ஆயிற்று.

அந்தத் தொடர் போன வாரம் முடிந்துவிட்டது. விசாலாட்சியைக் கடைசியில் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள், நானும் பவித்ராவும் எழுதிய கருத்துகளைப் பார்த்துத்தான் என்பது எங்கள் துணிபு. அதே எழுத்தாளர் புதுக் கதை அறிவித்திருக்கிறார். கதாநாயகிக்கு வயது ஐம்பத்தைந்தாம். இதையெல்லாம் யார் படிப்பார்கள் என்று பவித்ராவிடம் கேட்டேன். கேட்டுவிட்டு, நாள்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். முதல் பாகம் உன் கல்யாணத் திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு வருகிறது. "நீங்க முன்னாடி படிச்சுராதீங்க அத்தை. தாலி கட்டி முடிஞ்சு வூட்டுக்கு வந்தப்புறம் ரெண்டு பேரும் சேந்து படிக்கலாம்" என்றாள். சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். ஆறு மணியிலிருந்து அவள் வருகிறவரைக்கும் அந்தப் போனை அப்பாவின் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானும் போட்டுவிடப் போகிறேன்.

இதுதான் கடைசித் தாள். முதலில் இங்கேதான் வந்திருப்பாய், என் பிள்ளைதானே. எதைத் தேடி வந்தாயோ அதைப் பெரிய எழுத்தில் எழுதுகிறேன்: தடை இல்லை. போனைப் போட்டு வை. இப்போது முதல் தாளுக்குப் போய் ஒழுங்காகப் படி.

அம்மா